அப்பாவின் கேள்விக்குக் குபெர்டினோவிலிருந்து ஒரு பதில்

குபெர்டினோ, கலிபோர்னியா
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லியாவது எழுதச் செய்யுங்கள்.

பக்கத்து ஊரான சான் ஹோசேயிலேயே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும்போது, இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்து ஏன் காலத்தைக் கழிக்க வேண்டும், அங்கே தரும் பட்டத்தை யார் மதிப்பார்கள் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். முப்பது வருடம் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவர் கேட்கும் கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இங்கே சமுதாயக் கல்லூரி என்பது ஏறத்தாழ அந்த வழிதான்; ஆனால் அதைவிட அகலமான வழி. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை இங்கே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவராகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையலாம். கடைசியில் கையில் கிடைக்கும் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் எங்கே படித்தோம் என்று அதில் எழுதமாட்டார்கள். இது ஏதோ குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். 1960இல் கிளார்க் கெர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது மாநிலம் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம் (இது தனி அமைப்பு; சான் ஹோசேயில் இருப்பது இதன் ஒரு வளாகம்), விரும்பும் அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி என்று பிரித்து, கீழிருந்து மேலே போவதற்கான வழியையும் அப்போதே திறந்து வைத்தார்கள். இன்று மாநிலம் முழுவதும் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. நான் சேர்ந்திருக்கும் டி அன்சா 1967இல் தொடங்கியது. பதினெட்டு வயது நிறைந்தவர் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். என்னுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்து என்னை நிறுத்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

அடுத்தது பணம். இந்த மாநிலத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்ததைக் காட்டினால்தான் மாநிலவாசிக்கு உரிய கட்டணம் கிடைக்கும். இல்லையென்றால் பல மடங்கு கட்ட வேண்டும். சென்ற ஆண்டு வந்தவுடன் நான் சேராமல் காத்திருந்ததற்கு இதுவே காரணம். படிப்பை இங்கே யூனிட் கணக்கில் அளக்கிறார்கள். டி அன்சாவில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். இங்கே தரும் இரண்டு ஆண்டுப் பட்டத்துக்கு 90 யூனிட். அதாவது முதல் இரண்டு ஆண்டுப் படிப்பும் 2,790 டாலரில் முடிந்துவிடும், புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 6,450 டாலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். உங்கள் மாப்பிள்ளையின் ஒரு சம்பளத்தில் வாடகையும் கொடுத்துவிட்டு மீதமிருப்பதை வைத்துத்தான் நான் படிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தபின் எங்கே தொடங்குவது என்பதில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை.

ஆனால் இங்கே சேர்வது எவ்வளவு எளிதோ, இங்கிருந்து வெளியேறிப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்வது அவ்வளவு எளிதல்ல. பல்கலைக்கழகம் போகும் எண்ணத்தோடு சேர்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே சென்றடைவதில்லை. வேலை, குழந்தை, வீட்டுச் சுமை எல்லாம் காரணங்கள்தாம். எனினும் என் பார்வையில் முக்கியமான காரணம் வேறொன்று. நம் ஊர்க் கல்லூரியில் முதல் ஆண்டு என்ன, இரண்டாம் ஆண்டு என்ன என்று பாடத்திட்டம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாணவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அதனால் தவறாகத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. இங்கே நூற்றுக்கணக்கான பாடங்களின் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். விருப்பப்பட்டதையெல்லாம் எடுத்து மூன்று வருடம் படித்துவிட்டு, அவற்றில் பாதி தாம் போக விரும்பும் துறைக்குக் கணக்கில் வராது என்று கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. யாரும் தடுக்கமாட்டார்கள், அதுதான் ஆபத்து.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து முன்னோக்கி வகுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அவர்கள் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வதற்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து இந்தச் செப்டம்பரில் எதை எடுப்பது என்பது வரை இறங்கி வர வேண்டும். இதற்கென்றே மாநிலம் நடத்தும் அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. இடப்பக்கம் சமுதாயக் கல்லூரியின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடம் என்று பேரேடு போல எதிரெதிராகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

நான் எடுத்துக்கொண்டிருக்கும் துறை கணக்கியல். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டத்துக்குள் ஒரு பிரிவாக அது இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு, நிபந்தனைகளை நிறைவு செய்தால், முன்கூட்டியே சேர்க்கை உறுதி தருகின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். அவற்றுள் எங்களுக்கு அருகிலிருப்பது சான்டா குரூஸ். ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம். மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய நான் தினமும் மலைச்சாலையில் போய் வருவது நடக்காத காரியம். சான் ஹோசேக்கோ டி அன்சா வாசலிலிருந்தே 23ஆம் எண் பேருந்து நேராகப் போகிறது. 1857இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் அது. படிப்பைப் பேருந்துத் தடத்தை வைத்துத் தீர்மானிப்பதா என்று நீங்கள் சிரிக்கலாம். கோவில்பட்டியிலிருந்து பேருந்து வசதி இருந்த கல்லூரியைப் பார்த்துத்தானே என்னையும் பி.காம். சேர்த்தீர்கள்!

நான் எடுக்கப்போவது, இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சேர்வதற்கென்றே அமைந்த அசோசியேட் பட்டம், அதாவது அந்த இரண்டு ஆண்டுப் பட்டம். 2010இல் இயற்றிய ஒரு சட்டத்தின் பயன் இது. இதை முடிப்பவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. மீதியுள்ள படிப்பை இரண்டு ஆண்டுக்குரிய பாடங்களுக்குள் முடித்துத் தரவும் பல்கலைக்கழகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதி கிடையாது. சான் ஹோசேயில் இடத்துக்குப் போட்டி அதிகம்; ஆகவே மதிப்பெண் சராசரி நன்றாக இருந்தே ஆக வேண்டும். அந்தப் பட்டத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? தனியாக அதை வைத்துக்கொண்டு கணக்கு எழுதும் சிறு வேலைகளுக்குப் போகலாம். எனக்கு அது ஒரு நுழைவுச்சீட்டு. அதற்கு மேல் நான் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை.

பாடங்கள் இரு வகை. ஒன்று பொதுக்கல்வி, மற்றொன்று துறைக்கான அடிப்படை. பொதுக்கல்விக்கு இதுவரை இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தன; இந்த இலையுதிர் பருவம் முதல் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல். ஆங்கிலக் கட்டுரை, தருக்கச் சிந்தனை, மேடைப்பேச்சு, கணிதம், கலை, சமூக அறிவியல், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், இனவரலாறு என்று மொத்தம் பதினொரு பாடங்கள். துறைக்கானவை நிதிக்கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், வணிகத்துக்கான நுண்கணிதம், வணிகச் சட்டம் ஆகியவை. இரண்டு பட்டியலையும் தனித்தனியாக நிரப்பப் போனால் யூனிட் எக்கச்சக்கமாகிவிடும். ஒரே பாடம் இரண்டு இடத்திலும் கணக்காகுமாறு பொருத்துவதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. புள்ளியியல் துறைக்கும் ஆகிறது, பொதுக்கல்வியின் கணிதத்துக்கும் ஆகிறது. பொருளியல் சமூக அறிவியலுக்கும் ஆகும். ஆனால் சமூக அறிவியலில் கேட்கும் இரண்டு பாடங்களும் வெவ்வேறு துறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருப்பதால், இரண்டு பொருளியலையும் வைத்து அந்த இடத்தை அடைத்துவிட முடியாது. எனவே இன்னொன்றுக்கு அமெரிக்க அரசாங்கம் பற்றிய பாடத்தை வைத்திருக்கிறேன். பட்டம் தருவதற்கு முன் மாநிலப் பல்கலைக்கழகம் கேட்கும் அமெரிக்க வரலாறு, அரசியல் தேவையில் ஒரு பகுதியும் அதனால் தீர்ந்துவிடும்.

கால அட்டவணையை உண்மையில் தீர்மானிப்பது கணக்கியல்தான். டி அன்சாவில் வருடத்தைக் காலாண்டுப் பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நிதிக்கணக்கியல் இரண்டு பகுதி, அதன்பின் மேலாண்மைக் கணக்கியல் என்று மூன்று பாடங்கள் சங்கிலியாகத் தொடர்கின்றன. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதில் உட்கார முடியாது. அரையாண்டுப் பருவம் வைத்திருக்கும் கல்லூரிகளில் இதே பகுதியை இரண்டு பாடங்களாக நடத்துகிறார்கள். ஆகவே பாதியில் கல்லூரி மாறினால் எது எதற்கு ஈடு என்ற குழப்பம் வரும். தொடங்கிய இடத்திலேயே மூன்றையும் முடித்துவிடுவது நல்லது. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள், முதல் பருவத்தில் எளிதானவற்றை எடுத்துப் பழகிக்கொள், கணக்கெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எளிதானவற்றை எந்தப் பருவத்திலும் செருகலாம். சங்கிலியைத் தள்ளிப்போட்டால் ஒரு வருடமே தள்ளிப்போகும். ஆகவே செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் இந்தப் பருவத்தில் நிதிக்கணக்கியலின் முதல் பகுதியையும் ஆங்கிலக் கட்டுரையையும் எடுக்கிறேன். பற்று எது, வரவு எது என்று நீங்கள் அடுப்பங்கரைத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டியதெல்லாம் இப்போது ஆங்கிலத்தில் வரப்போகிறது.

முன்பெல்லாம் நுழைவுத் தேர்வு வைத்து, ஆங்கிலத்திலோ கணிதத்திலோ பின்தங்கியவர்களை யூனிட் கணக்கில் சேராத ஆயத்த வகுப்புகளில் பருவக்கணக்கில் உட்கார வைப்பார்களாம். 2017இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகம் ஏற்கும் தரத்திலான பாடத்திலேயே நேராகச் சேர்க்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. கூடவே, முதல் வாரத்திலேயே ஆழத்தில் இறக்கிவிடுகிறார்களே என்ற பயமும் இருக்கிறது.

முழுநேர மாணவராக ஒரு பருவத்துக்குப் பதினைந்து யூனிட் வீதம் எடுத்தால் இரண்டு ஆண்டில் முடிக்கலாம். வீட்டையும் வைத்துக்கொண்டு என்னால் பத்துதான் முடியும். அதனால் மூன்று ஆண்டு என்று வைத்திருக்கிறேன்: 2027 இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், 2028 கோடைக்குள் பாடங்கள் நிறைவு, அந்த ஆண்டே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. நல்லவேளையாக, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் அரசுப் பள்ளியில் இலவசமாக ஓர் ஆண்டு முன்வகுப்பு என்ற திட்டம் இந்தக் கல்வியாண்டில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் பேரன் அதில் சேர்ந்துவிட்டான். ஆகவே என் காலை நேரம் எனக்குக் கிடைக்கிறது.

பொதுக்கல்வியில் நான் அஞ்சுவது மேடைப்பேச்சு. ஆவலோடு காத்திருப்பது இனவரலாறு. ஆசிய அமெரிக்கர் பற்றிய பாடத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன். பஞ்சாபிலிருந்து 1920இல் வந்து, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் விவசாயம் பார்த்து, 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலிப் சிங் சௌந்த் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருந்த நாடு இது. அவர் குடியுரிமை பெறுவதற்கு 1946இல் சட்டம் மாற வேண்டியிருந்தது. கணக்கியல் படிக்க வந்தவளுக்கு இது எதற்கு என்று இங்கேயும் சிலர் முணுமுணுக்கிறார்கள். வந்து குடியேறுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியதே இதுதான் என்பேன்.

இப்போது உங்களால் ஆக வேண்டிய ஒரு காரியம். திருமணத்துக்கு முன் நான் ஓராண்டு படித்து நிறுத்திய பி.காம். இங்கே கால்-கெட்சிப் பட்டியலில் எந்த இடத்தையும் நிரப்பாது. ஆனாலும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதானால், இதற்கு முன் எந்த நாட்டில் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் மறைக்காமல் எழுத வேண்டும். சேர்க்கை கிடைத்தபின் அதற்கான ஆவணத்தையும் கேட்பார்கள். சான்டா குரூஸை முழுவதுமாகக் கைவிட்டுவிடவில்லை என்பதால், அதைத் தயாராக வைத்திருக்க விரும்புகிறேன். அடுத்து திருநெல்வேலி போகும்போது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் என் முதலாண்டு இரண்டு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்களுக்கு நகல் எடுக்க என்ன படிவம், எவ்வளவு கட்டணம், முத்திரையிட்ட உறையில் அவர்களே வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று விசாரித்து வாருங்கள். என் பதிவெண் உள்ள பழைய நுழைவுச்சீட்டு, பீரோவின் மேல்தட்டில் உங்கள் பணி ஓய்வுக் கோப்புக்கு அடியில் இருக்கும். வெயிலில் அலைய வேண்டாம். தம்பியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்