அந்தக் கீழ் கேட்டை அடைத்துவிடாதீர்கள், அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் எங்கள் நர்சரி முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலே "நூறு ரோஜாச்செடி என்ன விலை வரும்?" என்று கேட்டீர்களே, அந்த நர்சரிக்காரிதான் எழுதுகிறேன். அப்புறம் இறங்கி வந்து டீ குடித்தீர்கள், போனில் பிளானைக் காட்டினீர்கள். நீங்கள் வாங்கியிருப்பது எந்தப் பங்களா என்று தெரிந்ததும் நான் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நின்றேன், கவனித்தீர்களோ என்னவோ. அந்தப் பங்களாவில் என் தாத்தா 38 வருஷம் மாலியாக, அதாவது தோட்டக்காரராக இருந்தார். லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். "தெரிஞ்சதை எழுதி அனுப்புங்கம்மா, பிளான் போட்ட தம்பிகிட்ட கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வாட்ஸப்பில் எழுத உட்கார்ந்தால் அடங்கவில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களா வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர், அவர்களும் படிக்கட்டுமே என்று பொதுவிலேயே போடுகிறேன். இடத்தின் பேரைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

சுற்றி வளைக்காமல் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பிளானில் கீழ்ப்பக்கம் முழுக்க எட்டடி காம்பவுண்டுச் சுவர் போட்டிருக்கிறது, அந்தப் பழைய மரக்கேட்டு இருக்கிற இடம் உட்பட. அந்தக் கேட்டு எங்கேயும் போகாத கேட்டு என்று நினைத்திருப்பார்கள். வெளியே பாதை கிடையாது, ஓடைக்கு இறங்குகிற சரிவுதான், ஆள் யாரும் அந்த வழியாக வருவதில்லை என்பதெல்லாம் வாஸ்தவம். அது குளிர் வெளியே போவதற்காக வைத்த கேட்டு.

சிரிக்காதீர்கள். உங்கள் ஊரில் தண்ணீர் மட்டும்தான் பள்ளத்துக்கு ஓடும், எங்கள் ஊரில் குளிரும் ஓடும். டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் புல் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனத்துப்போய் மெதுவாகச் சரிவில் இறங்கும். வழியில் சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் அதன் பின்னால் குளம் மாதிரி தேங்கி நிற்கும். விடியற்காலையில் அந்தக் குளத்துக்குள் இருக்கிற செடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும், ஒன்பது மணி வெயிலில் கருகிப்போகும். தலைகுந்தாப் பக்கம் பள்ளத்தில் உறைபனி வெள்ளை விரித்தது மாதிரி கிடக்கும்போது அதே காலையில் மேட்டு வீட்டுக்காரர்கள் ஸ்வெட்டரோடு வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள், அந்த வித்தியாசம்தான் இது.

அந்தக் கேட்டுக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் தோட்டம் எப்படி வந்தது என்று கொஞ்சம்.

உங்கள் இடத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது, பார்த்தீர்கள். மேலே வீடும் புல்தரையும், நடுவில் பூத்தோட்டம், கீழே இப்போது புதர் மண்டிக் கிடக்கிற பெரிய அடுக்கு. அந்தக் கீழ் அடுக்குதான் தோட்டத்திலேயே மூத்தது, அங்கே முதலில் போட்டது பூ கிடையாது, முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். நீலகிரித் தோட்டங்களின் கதையே சமையலறையில்தான் ஆரம்பிக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் மேலே ஏறி வந்து கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், பிறகு ஊட்டியில் கல் பங்களா. சீமைக் காய்கறியை இந்த மண்ணில் போட்டுப் பார்த்தவர் அவர். இன்றைக்கு டூரிஸ்டு பஸ் எல்லாம் நிற்கிற தாவரவியல் பூங்காவே ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்த இடம்தான். மேல்பாதி காடு, கீழ்பாதி சதுப்பு. 1848ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அந்தச் சதுப்பை வடித்து, சரிவை அடுக்கடுக்காக வெட்டிப் பூங்காவாக்கினார். அதைப் பார்த்துத்தான் பங்களாக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மேட்டை அடுக்காக வெட்டினார்கள். பெரிய பூங்காவின் குட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெறும் மேடாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி, பள்ளத்துக்குப் பள்ளம் சோலை, நடுவில் ஊற்று. அந்த ஊற்றுதான் உங்கள் நடு அடுக்கின் கல்தொட்டியில் வந்து விழுகிறது, சொட்டுச் சொட்டாக, கோடையிலும்.

நடு அடுக்கை இப்போதிருக்கிற மாதிரி ஆக்கியது கடைசித் துரைசானி. சுதந்திரத்துக்குப் பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒன்றிரண்டு பேரில் அவரும் ஒருவர், தாத்தாவை வேலைக்கு வைத்தது அவர்தான். ஒரு தடவை சீமைக்குப் போய் கென்ட் பக்கம் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்கிற தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். 1930ல் வீட்டா சாக்வில்-வெஸ்ட் என்கிற எழுத்தாளரும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் இடிந்து கிடந்த ஒரு கோட்டைவீட்டை வாங்கி உண்டாக்கிய தோட்டம் அது. கோடு போட்டது கணவர், அந்தக் கோட்டுக்குள் செடியைத் தாறுமாறாக நிரப்பியது மனைவி. உயரமான வேலிகளை வைத்து வீட்டுக்குள் ரூம் மாதிரி தோட்டத்தையே ரூம் ரூமாகப் பிரித்திருப்பார்கள், ஒரு ரூம் முழுக்க வெள்ளைப் பூ மட்டும். 1938லேயே ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விட்டார்கள்.

துரைசானிக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. வந்ததும் சைப்ரஸ் கன்று வைத்து நாலு பக்கமும் வேலி, நடுவில் வெள்ளை ரூம், கீழ்ப்பக்கம் ஓடை தெரியாதபடி அடைத்து ஒரு வேலி. நாலைந்து வருஷத்தில் வேலி ஆள் உயரம் வந்து நெருக்கமாகச் சேர்ந்துகொண்டது. அந்த வருஷ டிசம்பரில் ஃபுக்சியா, ஜெரேனியம், ஹீலியோட்ரோப் எல்லாம் ஒரே ராத்திரியில் கருகின. அதே ராத்திரி மேல் அடுக்கில் ஒரு இலைக்குக்கூடச் சேதமில்லை. துரைசானி விதையைக் குறை சொன்னார், உரத்தைக் குறை சொன்னார், கடைசியில் தாத்தாவையும் சொன்னார். தாத்தா ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த உறைபனி ராத்திரி லாந்தரோடு இறங்கிப்போய், வேலி ஓரமாக ஈரச் சாக்கைப் புகையவிட்டுத் துரைசானியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். புகை மேலே எழும்பவில்லை. சரிவில் தவழ்ந்து வந்து வேலியில் முட்டி, அப்படியே படுத்துக்கொண்டது. மறுநாளே வேலியை ஆறடி அகலத்துக்கு வெட்டி, அடியில் இடைவெளி விட்டு அந்த மரச்சட்டக் கேட்டைப் போட்டார்கள். சாயங்காலம் அதைத் திறந்து வைப்பது தாத்தா வேலை, ஆறு ஏழு வயசில் அது என் வேலையானது.

சீமையில் வேலி காற்றைத் தடுக்கிறது, அங்கே அது சரி. அதையே இந்தச் சரிவில் வைத்தால் குளிருக்கு அணை கட்டினது மாதிரி. புத்தகத்தைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கும் செய்கிற தப்புதான், நானும் ஒரு எஸ்டேட் வீட்டில் செய்து நூற்றிருபது சால்வியாவுக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது கல்கட்டு. அடுக்குகளைத் தாங்குகிற இரண்டு சுவரும் சாந்து இல்லாமல் அடுக்கியவை, கையை வைத்துப் பாருங்கள், மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மழைத் தண்ணீர் கல் சந்து வழியாகக் கசிந்து வெளியேறும். அந்தச் சந்தில் பெரணி முளைத்திருப்பது பழுதாகத் தெரியும், உங்கள் தம்பி பிளானில் "சிமெண்ட் பூச்சு, மேலே டைல்ஸ்" என்று எழுதியிருக்கிறார். அதை ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்துவிட்டார். உங்களுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு காண்டிராக்டர் கீழ்ச்சுவரில் இருபதடி நீளத்துக்குச் சந்தெல்லாம் அடைத்துப் பூசினார், பார்க்கப் பளிச்சென்று இருந்தது. 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும், மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்த மழை. பூசாத சுவர் அசையவில்லை. பூசின இருபதடி மட்டும் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளி, விடியும்போது பேரி மரத்தோடு கீழே கிடந்தது. இப்போது அந்த இடத்தில் கல்லின் நிறம் மாறியிருக்கும், திரும்ப அடுக்கியது என் அப்பா.

ஹைட்ரேஞ்சியா. இதை நீங்களே கேட்டீர்கள், "கீழே நீலம், வீட்டோரம் ரோஸ், ரெண்டு ஜாதியாம்மா?" என்று. ஒரே ஜாதிதான் அண்ணாச்சி, ஒரே செடியிலிருந்து ஒடித்து வைத்த குச்சிகள். நம் மலை மண் புளிப்பு மண், அதில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். வீட்டோரம் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து, மழையில் அது மண்ணில் இறங்கி, அலுமினியம் வேருக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டுவிட்டது, பூ ரோஸாகிவிட்டது. மூலையில் ஒரு செடி இருக்கிறது பாருங்கள், பாதி வேர் சுவரோரமும் பாதி வெளியிலுமாக. ஜூனில் அதில் ஒரு கொத்து ரோஸ், ஒரு கொத்து நீலம், நடுவில் பழைய பட்டுப்புடவை மாதிரி இரண்டும் கலந்த ஒரு கொத்து வரும். சிமெண்ட் நடைபாதை போட்டால் ஓரத்தில் இருக்கிற நீலமும் கொஞ்ச வருஷத்தில் வெளிறிப்போகும். பரவாயில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

வீட்டுக்கு மேற்கே இருக்கிற அந்த இருண்ட மரம் கமீலியா, தேயிலைக்கு அக்கா முறை. "முன்னால் கொண்டுவந்து நடலாமா" என்றீர்கள். கிழக்கே வைத்தால் உறைந்த மொட்டின் மேல் விடியல் வெயில் நேராக விழுந்து மொட்டு பழுப்பாகிக் கொட்டிவிடும். மேற்கே வீட்டு நிழலில் மெதுவாகப் பனி உருகுவதால்தான் ஜனவரியில் அத்தனை பூ. தெரிந்து வைத்த இடம், தொடாதீர்கள்.

சரி, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழசு என்பதற்காக எதையும் கும்பிட வேண்டியதில்லை. கீழ் அடுக்கில் மஞ்சள் பூப் பூக்கிற அந்த இரண்டு புதர்களும், முள்ளோடு ஒன்று, முள்ளில்லாமல் ஒன்று, கோர்ஸ், புரூம் என்று பேர், துரைமார் ஊர் ஞாபகத்துக்கு வேலிக்கு வைத்தவை. வேலி தாண்டிப் போய் எங்கள் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. வேரோடு பிடுங்குங்கள். உண்ணிச்செடியும் அப்படியே. ஓடையோரம் வெள்ளைவெள்ளையாக நிற்கிற ஆரம் லில்லி போட்டோவுக்கு அழகு, சதுப்பு முழுக்க அதுவே ஆகிவிடும், தொட்டியில் நாலு வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். சீகை என்கிற வாட்டில் மரமும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் உங்கள் இஷ்டம். கற்பூர மரம் 1843ல் கேப்டன் காட்டன் வெலிங்டன் பக்கம் நட்டதில் ஆரம்பித்து, விறகுக்காக மலை முழுக்கப் பரவியது. ஆனால் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும், 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு. பொக்லைன் இறக்குவதற்கும் கலெக்டர் அனுமதி வேண்டும். "சும்மா ஒரு நாள்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ராயல் பாம் வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர் கல்யாண மண்டப வாசலுக்கு அது நன்றாக இருக்கும்.

நூறு ரோஜா தருகிறேன், வியாபாரம் வியாபாரம்தான். நடு அடுக்கில் மேல்வரிசையாக வையுங்கள். டிசம்பரில் மற்றப் பூச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கொத்து வாங்கிக் கூரை மாதிரி சாய்த்து மூடவேண்டும், பூங்காவில் செய்கிறார்களே அது மாதிரி. புல்தரைக்கு வெயில் வருவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். இதற்கு ஆள் நான் அனுப்புகிறேன்.

கருவிக் கொட்டகைக் கதவை மாற்றப்போவதாகச் சொன்னீர்கள். மாற்றுங்கள், உளுத்துத்தான் போயிருக்கிறது, பழைய பலகையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். உள்பக்கம் ஆணியால் கீறின கோடு கோடாக இருக்கும், கரையான் அரித்தது இல்லை. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. உறைபனி விழுந்த ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கோடு, வருஷம் முடிந்தால் குறுக்கே ஒரு கீறல். 38 குறுக்குக் கீறல் இருக்கிறதா என்று நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

கீழ் கேட்டு உங்களுக்குத் திறக்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அதை இழுக்கக்கூடாது. இடது பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடித்து வெளியே தள்ள வேண்டும், மேல் கீல் அப்போதிருந்தே அப்படித்தான். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், டிசம்பர் குளிரில் உறைந்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.