தாழ்ப்பாள் உள்பக்கம்

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கனகாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரி எழுதுவதற்குள் ஆள் வந்துவிட்டார்கள். இன்றுதான் கை ஓய்ந்தது. வெளியில் சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது. மூன்று நாளாகத் துண்டு எதுவும் காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் இந்தத் தொக்கணத் தொழிலில் துண்டு காய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது நீ ஆரம்பித்த பிறகு தெரியும்.

அம்மா நன்றாக இருக்கிறாள். பெரியவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சின்னவன் பன்னிரண்டாவது. உன் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். படித்த சித்த மருத்துவத்தைப் பதினாறு வருடமாக மூட்டை கட்டி வைத்துவிட்டேன், இனிமேல் தாம்பரத்தில் பெண்களுக்கென்று ஒரு தொக்கணச் சிகிச்சை நிலையம் தொடங்கினால் யாராவது வருவார்களா என்று கேட்டிருந்தாய். வருவார்கள் கனகா. பாளையங்கோட்டை ஹாஸ்டல் மொட்டைமாடியில் நடந்துகொண்டே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகையையும் நாம் உருப்போட்டோமே, அது உனக்கு மறந்திருக்காது. மறந்தாலும் கை ஒரு மாதத்தில் திரும்ப ஞாபகப்படுத்திக்கொள்ளும். நீ யோசிக்க வேண்டியது வேறு. ஒரு பெண் தன் உடம்பை உன்னிடம் ஒப்படைத்துக் கண்ணை மூடிப் படுக்கிறாள். அதற்கு அவளுக்கு என்ன தைரியத்தை நீ கொடுக்கிறாய்? ஏழு வருடமாக நான் செய்துகொண்டிருக்கும் வேலையில் பாதி அதுதான்.

நான் ஏன் இதை ஆரம்பித்தேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். சின்ன வயதில் ஒவ்வொரு சீசனுக்கும் அப்பா அங்கே உட்கார்ந்து உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு, பிறகு போய் அருவியில் நிற்பார். திரும்பி வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். அம்மா கரையில் எங்கள் துணிமணிகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்பாள். வருடம் முழுக்க இடுப்பு வலியோடு அரைத்தவளும் துவைத்தவளும் அவள்தான். ஆனால் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஓர் இடம் அந்த ஊரில் இல்லை. அது என் மனதில் அப்படியே கிடந்தது.

இடம் தேடியபோதுதான் முதல் அடி விழுந்தது. மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு வீட்டுக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எப்படிப்பட்ட பெயர் ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியும். கடைசியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே இரண்டு அறையை ஒதுக்கினேன். பலகையில் ‘சித்த மருத்துவத் தொக்கணச் சிகிச்சை, பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதி, சித்த மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கீழே போட்டேன். நீயும் முதலில் உன் பதிவைப் புதுப்பித்துக்கொள்.

பாதுகாப்புக்கு உள்ளே கேமரா வைத்துவிடு என்று உறவிலேயே ஒருவர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். 2021 டிசம்பரில் ஸ்பாக்களில் கேமரா பொருத்த வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்ததும், அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அப்படிச் செய்வது அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னதும் உனக்கு நினைவிருக்கலாம். சட்டம் எப்படியும் இருக்கட்டும், துணி விலக்கிப் படுத்திருக்கும் ஒருத்தியின் தலைக்கு மேல் ஒரு கேமரா கண் விழித்திருந்தால் அவள் தோள் எப்படித் தளரும்? என் வாசலில் கேமரா இருக்கிறது. அறைக்குள் இல்லை. அறைக் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். அதை வருகிறவளே போடுவாள், அவள் நினைத்தால் அவளே திறப்பாள். முதல் தடவை வருகிறவர்கள் அம்மாவையோ அக்காவையோ கூடவே வைத்துக்கொள்ளலாம். போன்கள் எல்லாம், என்னுடையதும் சேர்த்து, வெளியே ஒரு கூடையில் கிடக்கும்.

தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். “இப்போது இடுப்புக்குக் கீழே வருகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.” முதலில் எனக்கே இது நாடகம் போலத் தோன்றியது. நம் பெண்களிடம் ‘வேண்டாமா’ என்று யார் கேட்கிறார்கள்? சிலர் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தார்கள். நான்காவது தடவை வரும்போது, “இன்றைக்குக் கால் வேண்டாம் டாக்டர், கழுத்து மட்டும் போதும்” என்று தாமாகவே சொன்னார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் வலி குறைந்தது என்று கேட்பதை விடப் பெரியது.

ஒரு தப்பையும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஆரம்பித்த மூன்றாம் மாதம், எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தோள்பட்டை வலி என்று வந்தார். நல்ல மனுஷி, பேசிக்கொண்டே இருந்தார். நானும் வாத கேசரித் தைலத்தைச் சூடாக்கி, வழக்கமான அழுத்தத்தில் பிடித்துவிட்டேன். மறுநாள் அவர் மகள் வந்து போனில் படத்தைக் காட்டினாள். முதுகெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி, “அதனால என்ன தாயி” என்று சிரித்தார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்து வரச் சொல்லிவிடுவேன். எலும்புத் தேய்மானம், சர்க்கரையால் பாதத்தில் மரத்துப்போன இடம், புற்றுநோய்ச் சிகிச்சை, காய்ச்சல், எள் ஒவ்வாமை, மாதம் தள்ளிப்போயிருக்கிறதா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிய பிறகுதான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

அந்தக் கேள்விகள்தான் போன வருடம் மாசியில் ஓர் உயிரைக் காப்பாற்றின. குழந்தை பிறந்து இருபது நாளான பெண். கால் வீங்கியிருக்கிறது, நன்றாக உருவிவிடுங்கள் என்று அவளுடைய அத்தை கூட்டி வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கால் உருவிவிடுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் இவளுக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தது. ஒரு காலில் மட்டும் என்றால் எனக்கு அடிவயிறு கலங்கிவிடும். உள்சிரையில் ரத்தக்கட்டி இருந்து அதைப் போய் உருவினால், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நான் தொடமாட்டேன், இப்போதே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் பாருங்கள் என்றேன். அத்தைக்குக் கோபம். “ஒரு கால் பிடிச்சுவிடத் தெரியாதா?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். நானே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். ஸ்கேனில் கட்டி இருந்தது. ஊசியும் மாத்திரையும் போட்டுக் குணமாகி, ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் குழந்தையோடு வந்தாள். அத்தையும் வந்தார். இப்போது அவர் தெருவில் யாருக்கு எது என்றாலும் முதலில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. செய்யமாட்டேன் என்று சொன்னதால் எனக்குக் கிடைத்த நம்பிக்கை அது.

எங்கள் பக்கம் வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டை வைத்து, தலையைக் குனிந்து, ஆயிரம் பீடி என்று கணக்கு முடியும்வரை நிமிராத கழுத்து. உளுந்துத் தைலம் போட்டுப் பிடித்துவிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் அதே தட்டு, அதே குனிவு. ஆகையால் நான் ஒவ்வொருவரையும் எப்படி உட்கார்ந்து சுற்றுகிறாய், செய்து காட்டு என்று கேட்பேன். ஒருத்திக்குச் சுவரோரம் உட்கார்ந்து முதுகுக்குத் தலையணை கொடுத்து, தட்டைச் சின்ன முக்காலியில் உயர்த்தி வைக்கச் சொன்னேன். இன்னொருத்திக்கு ராத்திரி தூக்கமே இல்லை. காரணம் கழுத்தில் இல்லை, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய குழுக் கடனில் இருந்தது. கடனை நான் அடைக்க முடியாது. ஆனால் வாதம் பித்தம் ஐயம் என்று நாம் படித்த படிப்பு, தூக்கத்தையும் பசியையும் மனக்கவலையையும் விட்டுவிட்டு வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லையே. ‘முழு உடல்நலம்’ என்று எல்லாரும் பலகையில் எழுதுகிறார்கள். எனக்கு அது இந்த முக்காலியும் அந்தக் கடனைப் பற்றி அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்டதும்தான்.

அப்படிக் கேட்பதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. எண்ணெய்க் கை முதுகில் படும்போது சிலர் திடீரென்று அழுதுவிடுவார்கள். பத்து வருடமாக யாரும் அன்பாகத் தொட்டிருக்க மாட்டார்கள். அப்போது அவர்கள் சொல்வதெல்லாம் என்னோடு இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாமியார் வந்தார். எனக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. காப்பி குடித்துவிட்டு மெதுவாக, “என் மருமக உன்கிட்ட என்னம்மா சொல்லுதா?” என்று கேட்டார். கழுத்து வலி என்று சொல்கிறாள் சித்தி என்றேன். விடவில்லை. கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், “டாக்டராகிட்டா சொந்தம் தெரியாது” என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை வழுக்கியிருந்தால், இந்தச் சின்ன ஊரில் மறுநாள் என் படி யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். எனக்கு உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், எண்ணெய் காய்ச்சுவதை அப்புறம்தான் கற்றுக்கொடுத்தேன்.

கழிவெல்லாம் வெளியே போய்விடுமா, தொப்பை கரையுமா என்று கேட்பார்கள். இல்லை என்று நேராகச் சொல்லிவிடு. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பொய் சொல்லிக் கூட்டம் சேர்க்காதே. 2011இல் அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஒரு தடவை, பத்து வாரம். ஒரு பிரிவுக்குத் தசைகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் முறை, இன்னொரு பிரிவுக்குச் சும்மா தளர்த்திவிடும் முறை. பத்து வார முடிவில் இரண்டு பிரிவுமே, மசாஜ் இல்லாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களை விட நன்றாக இருந்தார்கள். இரண்டு முறைக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் ஆனபோது பலன் பெரும்பாலும் மங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நான் தேடித் தேடிக் கற்றுக்கொண்ட நுணுக்கம் எதற்கு என்று. பிறகு யோசித்தால், பதற்றமில்லாமல் ஒரு மணி நேரம் படுத்திருப்பதே மருந்தில் ஒரு பங்கு என்று புரிகிறது. அதனால்தான் அவசரமாகச் செய்யாதே என்கிறேன்.

வர்மத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். உடம்பில் உள்ள 108 வர்மப் புள்ளிகளில், அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டின் பக்கம் நான் போவதே இல்லை. குமரி மாவட்டத்து ஆசான் ஒருவரிடம் இரண்டு வருடம் போய் வந்தும், எளிய தொடுவர்மங்கள் சிலவற்றோடு நிறுத்திக்கொண்டேன். வாரக் கடைசியில் இரண்டு நாளில் எல்லா வர்மமும் கற்றுத்தருகிறோம் என்று யாராவது வந்தால் பணத்தைக் கட்டிவிடாதே.

உன் கையைப் பார்த்துக்கொள். இரண்டாம் வருடம் என் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கி, தண்ணீர்ச் செம்பு தூக்க முடியவில்லை. விரலால் குத்தி அழுத்தாதே, முன்கையையும் உடம்பின் எடையையும் பயன்படுத்து. நின்று கையைத் தொங்கவிட்டால் கைவிரல் முட்டிகள் படுகிற உயரத்தில் படுக்கைப் பலகை இருக்கட்டும். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் நான் பார்ப்பதில்லை. கட்டணத்தை முன்னாலேயே சொல்லிவிடு, பத்து நாள் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்காதே. கொடுக்க முடியாதவர்களுக்கு நான் கழுத்தும் தோளும் பிடிக்க அவர்கள் மகளுக்குக் கற்றுக்கொடுத்து, ஒரு சின்னப் பாட்டில் தைலமும் கொடுத்து அனுப்பிவிடுவேன். அதனால் வருமானம் குறையுமே என்று என் கணவர் முதலில் கேட்டார். இப்போது அவரே பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி ஆள் போனதும் அவள்தான். பலகையில் ஏறிப் படுக்க இன்னும் கூச்சப்படுவாள். நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் தேய்த்து, வெந்நீரில் குளிக்க வைத்து, ரசம் சாதம் போட்டால் மத்தியானம் முழுக்கத் தூங்குவாள்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. தாம்பரத்தில் பொதிகையில் ஏறினால் காலையில் தென்காசி. நான்கு நாள் என்னோடு நின்று பார், யாரிடம் எப்படிப் பேசுகிறேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை. வரும்போது உன்னுடைய பழைய நோட்டு இருந்தால் எடுத்து வா, தைலப் பக்குவம் எழுதிய அந்தப் பச்சை அட்டை நோட்டு. என்னுடையதைக் கரையான் அரித்துவிட்டது.

உன் வலது தோள் இன்னும் வலிக்கிறதா? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நீ. டிக்கெட் எடுத்ததும் போன் செய்.

அன்புடன்,
உன் வசந்தி