நாங்கள் படிக்கும் நாவல்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு புத்தகப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது எழுத்தாளர்கள், சினிமா இயக்குநர்கள், பெரிய அதிகாரிகள் என்று பலரிடமும் பிடித்த புத்தகம் எது என்று கேட்டுப் போடுகிறீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேலைக்கு நடுவே, பஸ்ஸில், அடுப்படியில் நாவல் படிக்கிற எங்களைப் போன்றவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. புதிதாக வந்த நூலுக்கு மதிப்புரை வருகிறது. அந்த நூலை யாராவது வாங்கிப் படித்தார்களா, படித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்பது அப்புறம் எங்குமே வருவதில்லை. இதைத்தான் மாற்றச் சொல்லி எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வெட்டுகிற மேசையின் ஓரத்தில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். இப்போது இருப்பது பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் அதன் கனத்தைத்தான் பார்ப்பார்கள். "இவ்வளவு பெரிய புத்தகமா? என்ன கதை?" என்று கேட்பார்கள். கலிங்கல் என்கிற ஊரில் ஆண்டி, மாரி என்று இரண்டு சிறுவர்களின் சிநேகிதத்தில் தொடங்குகிறது என்று சொல்வேன். 1895இல் கழுகுமலையில் நடந்த கலவரமும், 1899இல் சிவகாசியில் நடந்த கொள்ளையும் இதில் வருகின்றன என்றதும் பேச்சு சூடு பிடித்துவிடும். கழுகுமலையிலிருந்தே எனக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. தாத்தா சொன்னது, பாட்டி சொன்னது என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துவிடுவார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நாவல் 2012இல் வந்தது, 2014இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. இதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்தி. இன்றைக்கும் ஒரு தையல் கடையில் நாலு பேர் அதை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் செய்தி ஆகாதா?

என் கடைக்கு வருகிற ஓர் அக்கா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். அவருடைய மகன் 'அசுரன்' படம் பார்த்துவிட்டு அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை' நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறான். பாதியில் அவன் வைத்துவிட்டான், அம்மா எடுத்து முடித்துவிட்டார். படம் 2019, நாவல் 1982. படத்தில் அப்பா பெரிதாக நிற்கிறார். நாவலில் சிதம்பரம் என்கிற பையன்தான் நம் கூடவே வருகிறான். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போய், ஆளே செத்துப்போக, அப்பாவும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற கதை. அந்த அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெட்டுக்குத்துக் கதைன்னுதான் நெனைச்சேன். பாத்தா, ஒரு அப்பன் தன் புள்ளைக்குப் பசியாத்துற கதையால்ல இருக்கு!" வெக்கையைப் பற்றிக் கட்டுரைகள் சில படித்திருக்கிறேன். இவ்வளவு நேராக அதன் நெஞ்சைத் தொட்ட வாக்கியம் வேறொன்று எனக்கு ஞாபகம் இல்லை. இது உங்கள் புத்தகப் பக்கத்தில் வந்திருக்க வேண்டியது.

பேத்திக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்திருக்கும் ஒரு பெரியவர், பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி, இப்போது சோ.தர்மனின் 'சூல்' படித்துக்கொண்டிருக்கிறார். உருளைக்குடிக் கண்மாயையும் அதை நம்பி வாழ்ந்த ஜனங்களையும் பற்றிய நாவல். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சிக்கு ஊரில் என்ன மரியாதை இருந்தது என்று நாவலில் வருகிற இடத்தைச் சொல்லிவிட்டு, தங்கள் ஊர்க் கண்மாயில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைச் சொன்னார். சொல்லும்போது குரல் ஏறிவிட்டது. அவர் கையில் அந்த நாவல் ஒரு மனுவாகவே மாறிவிட்டது.

இதெல்லாம் எங்கள் கரிசல் பக்கத்து எழுத்து, அதனால் எங்களுக்குப் பிடிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். என் தங்கையைத் தூத்துக்குடியில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமியார் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அளத்தில் உப்பு வாரியவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைச் சாயங்காலங்களில் தங்கை வாசிக்க, அவர் கேட்கிறார். போன மாதம் போயிருந்தபோது நானும் கூட உட்கார்ந்தேன். பொன்னாச்சி என்கிற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் உப்பளத்து வேலைக்கு வருகிறார்கள். தங்கை வாசிக்க வாசிக்க அந்த அம்மா தன் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். உப்புநீர் அரித்த வடு, வெள்ளை வெள்ளையாக, குதிகால்வரை. திடீரென்று, "ஏட்டி, கொஞ்சம் நிறுத்து. இத எழுதுனவங்க எந்த அளத்துல வேல பாத்தாங்க?" என்றார். ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், தூத்துக்குடிக்கு வந்து தொழிலாளிகளைப் பார்த்துப் பேசிவிட்டு எழுதினார் என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. "பாத்துட்டுப் போனவங்களுக்கு இது தெரியாது" என்று சாதித்தார். அந்த நாவல் 1979இல் வந்தது. எழுதியவர் 2014இல் காலமாகிவிட்டார். அவருக்கு இந்த ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வாசகர் சொல்வதைப் போட ஒரு மூலை அன்றைக்குப் பத்திரிகைகளில் இருந்திருந்தால், அளத்தில் வேலை பார்த்த யாரோ ஒருத்தி சொன்னது அவர் கண்ணில் பட்டிருக்குமே!

மாத நாவல்களையும் தள்ளிவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற குடும்ப நாவலையும் துப்பறியும் நாவலையும் வாங்கிப் படிக்கிறவர்கள் என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ஆளுக்கொன்று வாங்கி, படித்துவிட்டு, மாற்றிக்கொள்வார்கள். எனக்கு நாவல் பழக்கம் வந்ததே அப்படித்தான். வீட்டு வேலை முடித்து, ராத்திரி ஒரு மணி நேரம் தனக்கென்று ஒதுக்கிப் படிக்கிற பெண்ணின் ரசனையை மட்டமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அவர்களிடமும் கேளுங்கள். கல்லூரிப் பெண்கள் செல்போனிலேயே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தைக் கொடுப்பேன். தண்ணீர் குடிக்கக் குனிந்தவளைத் திருடன் நீரில் அமுக்குவதும், அவள் சாகிற நேரத்தில் அவன் கால் கட்டைவிரலைக் கடித்துப் பிடிப்பதுமான அந்த ஆரம்பத்தைப் படித்தவர்கள் புத்தகத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. கி.ரா.வுக்கு எங்கள் ஊரில் அரசாங்கம் நினைவரங்கம் கட்டியிருக்கிறது. ரொம்பப் பெருமையான விஷயம். அவருடைய நாவலை இன்றைக்கு யார் யார் படிக்கிறார்கள் என்பதும் எங்காவது பதிவாக வேண்டாமா?

ஏனென்றால் நல்ல நாவல் ஆள் மாற்றி ஆள் சொல்லித்தான் பிழைக்கிறது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. அவர் மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள். வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. படித்த சிலர் விடாமல் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1997இல் அவர் காலமானார். இன்றைக்குத் தமிழின் முக்கியமான நாவல் எது என்று பேசுகிற இடத்திலெல்லாம் அந்தப் பெயர் வருகிறது. அவர் உயிரோடு இருந்தபோதே அது இன்னும் பரவலாக நடந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய இடம் இல்லை. ஞாயிறு புத்தகப் பக்கத்தில் நாலு விரற்கடை போதும். 'இந்த வாரம் நான் படிப்பது' என்றோ வேறு எந்தத் தலைப்பிலோ இருக்கட்டும். படிக்கிறவரின் ஊர், செய்கிற வேலை, நாவலின் பெயர், பிடித்த இடம் எது என்று நாலைந்து வரி. விமர்சனம் வேண்டாம், நட்சத்திர மதிப்பெண்ணும் வேண்டாம். பிடிக்காமல் பாதியில் வைத்தவரும் ஏன் வைத்தேன் என்று சொல்லட்டும். புத்தகம் கிளை நூலகத்தில் கிடைக்கிறதா, விலை என்ன, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் போட்டால் பூதக்கண்ணாடிப் பெரியவர் போன்றவர்களுக்கு உதவும். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதி வாங்குவதற்கு உங்கள் ஊர் நிருபர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் நூலக வாசகர் வட்டத்துக்காரர்களும் ஆர்வமாக முன்வருவார்கள்.

தாங்கள் சம்மதித்தால் முதல் வாரத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவிடம் பேசி எழுதி அனுப்புகிறேன். இப்போது அவர் பூமணியின் 'பிறகு' நாவலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
கோவில்பட்டி.