குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காவிரியின் கிளையாறான குடமுருட்டியின் கரையில் வாழும் நமக்குச் சில அடி தோண்டினாலே தண்ணீர் கிடைப்பது பெரும்பேறு. இவ்வாண்டு நமக்குக் கவலை தந்ததும் அதுவே. 2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு ஆற்றில் தண்ணீர் வந்தபின் கிணறுகள் ஊறத் தொடங்கின. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர் தரையை ஒட்டியே நின்றது. நம் தெருக்களில் பல வீடுகளின் கழிப்பறைத் தொட்டி, அடியில் தளம் போடாமல் சிமெண்ட் உறைகளை மட்டும் இறக்கிய குழிதான் என்பதால், ஏறிவரும் நீர் அதற்குள் புகுந்து, மணல் கலந்த வண்டல் வழியே அண்டை வீட்டு அடிபம்பு வரை கசிகிறது.

இதை உறுப்பினர்கள் கண்ணால் காண வேண்டும் என்று, ஊராட்சியில் பெற்ற பரிசோதனைக் குப்பிகளில் மழைக்கால நீரைப் பிடித்து வைத்தோம். கீழத்தெரு அடிபம்பில் தெளிவாக வந்த நீர், மறுநாள் மாலைக்குள் மைபோல் கறுத்துவிட்டது. மலக்கிருமி கலந்திருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. அன்று முதல் அத்தெருவில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். வெடித்திருந்த பம்பு மேடையும் பூசப்பட்டு, சிந்தும் நீருக்கு வடிகால் எடுக்கப்பட்டது.

தொட்டியை நிரம்பி வழியும்வரை விடாமல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டி வைத்து எடுப்பதென்றும், புதிய தொட்டிகளைத் தளம் பூசி, கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளிக் கட்டுவதென்றும் தீர்மானித்தோம். பாதுகாப்புக் கருவிகளின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்கிக் கழிவெடுக்கச் செய்வது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை எந்த வீட்டிலும் அனுமதிக்கலாகாது. எடுத்த கழிவை வண்டிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டறிவதும் வீட்டுக்காரரின் பொறுப்பே, ஏனெனில் வாய்க்காலில் விட்டால் அது கீழ்மடையில் இருப்பவர்களின் குடிநீரைத்தான் சேரும்.

சம்பா மருந்தடிப்புக்குப் பின் விசைத்தெளிப்பானைக் குளத்துப் படித்துறையில் அலசும் வழக்கம் பெரிதும் குறைந்திருக்கிறது. இதற்குப் பெண்கள் குழுவினரே காரணம். காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் போடுவதும், பொரித்த எண்ணெயைப் புழக்கடையில் ஊற்றுவதும் இன்னும் நிற்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடுத்தெருவில் மூடியில்லாத கிணறுகளுக்குப் புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன்பாகவே கம்பிவலை மூடி போடும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்