திருச்சிலுவை மகிமை விழா: அன்பிய உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

இயேசுவில் அன்பானவர்களே,

செப்டம்பர் 14 திருச்சிலுவை மகிமை விழாவை முன்னிட்டு, அன்று மாலை 5.30 மணிக்கு பங்கில் அருகருகே வாழும் குடும்பங்களின் குழுவான நம் அன்பியத்தின் செபக்கூட்டம் நடைபெறும். உதகையின் காந்தல் குருசடியில் (சிலுவைத் திருத்தலத்தில்) நாம் விழா கொண்டாடும் மே 3, திருச்சபையின் பழைய நாட்காட்டியில் சிலுவை கண்டெடுக்கப்பட்ட நாளாக இருந்தது. செப்டம்பர் விழாவோ, 335ஆம் ஆண்டு எருசலேமில் கான்ஸ்தாந்தின் மன்னர் எழுப்பிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டதன் மறுநாள், மக்கள் வணங்கும்படி சிலுவை உயர்த்திக் காட்டப்பட்டதன் நினைவாகும்.

முதல் வாசகத்தை (எண்ணிக்கை 21:4-9) வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். பாம்பு கடித்தவர்கள் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கிப் பிழைத்தார்கள்; அந்தப் பாம்பைப் போலத் தாமும் உயர்த்தப்பட வேண்டும் என்று இயேசு, தம்மிடம் வந்த பரிசேயரான நிக்கதேமிடம் சொல்கிறார் (யோவான் 3:14). ஆனால் அதே வெண்கலப் பாம்புக்கு மக்கள் பிற்காலத்தில் தூபம் காட்டத் தொடங்கியதால், எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார் (2 அரசர்கள் 18:4). இந்த வசனத்தை நாம் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற வாரம் குருசடியில், மழையில் நனைந்த கம்பளிச் சால்வையோடு ஒரு பாட்டி, சிலுவையின் அடியில் உள்ளங்கையை வைத்து, மெழுகுதிரி பாதி உருகும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றிருந்தார். அவருடைய கண்கள் மரத்தைப் பார்க்கவில்லை, அதில் தொங்கியவரைப் பார்த்தன என்றே நான் நம்புகிறேன்.

விவிலியமும் செபமாலையும் கொண்டு வாருங்கள். குளிர் அதிகமாக இருப்பதால், முதியவர்களை அருகில் உள்ள வீட்டார் கைப்பிடித்து அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.