அது நாட்டின் பெயர் அல்ல

ஆசிரியருக்கு,

‘அமெரிக்கா கோப்பை’ பாய்மரப் படகுப் பந்தயம் பற்றிய செய்தியில், அந்தப் பெயர் நாட்டைக் குறிப்பதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் அது ஒரு படகின் பெயர். 1851-இல் ஜார்ஜ் ஸ்டீர்ஸ் வடிவமைத்து நியூயார்க்கில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 100 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரப் படகு அது.

அக்கால இங்கிலாந்துப் படகுகளின் முன்புறம் காட் மீனின் தலைபோல் பருத்தும், பின்புறம் கானாங்கெளுத்தி வால்போல் ஒடுங்கியும் இருந்தன. ஸ்டீர்ஸ் இதைத் தலைகீழாக்கினார்: கத்திபோல் கூரிய, உள்வாங்கிய முகப்பு, அகலம் முழுவதும் நடுப்பகுதியில். பாய்களிலும் வேறுபாடு இருந்தது. ஆங்கிலேயரின் ஆளிநார்ப் பாய்கள் தொப்பை போட்டுத் தொங்கும். காற்று ஊடுருவாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி நனைப்பார்கள். ‘அமெரிக்கா’ படகின் பருத்திப் பாய்களோ பலகைபோல் விறைத்து நின்றன.

1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் அது வென்றது. அப்போது பெற்ற கோப்பைக்குத்தான் அதன் பெயர் வந்தது. இரண்டாவதாக வந்த ‘அரோரா’ 47 டன் படகு. ‘அமெரிக்கா’வோ 170 டன். சிறிய படகுகளுக்கு அளவுக்கேற்ற நேரச் சலுகையும் இல்லை. அந்த வெற்றியைப் புகழ்பவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை!

‘அமெரிக்கா’ படகு பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் புளோரிடாவில் மூழ்கடிக்கப்பட்டு, மீட்கப்பட்டு, 1870 கோப்பைப் போட்டியில் நான்காவதாக வந்தது. 1942-இல் அனாபொலிஸ் நகரில் பனிப்பாரம் தாங்காமல் கொட்டகைக் கூரை அதன்மேல் சரிந்தது. 1945-இல் உடைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்