கொலராடோ காட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

கிளென்வுட் ஸ்பிரிங்ஸ், கொலராடோ
ஆகஸ்ட் 17

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்திக்கு முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் பாதிப் பேச்சு வேலையைப் பற்றியே போய்விடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே சுற்றுகிறேன் என்பதை எழுதியே விடுகிறேன். நீங்கள் ஆசனூர்ப் பக்கம் புலிக் கணக்கெடுப்புக்குத் தானியங்கி கேமரா கட்டுகிறீர்களே, அதே வேலையைத்தான் நானும் இங்கே பார்க்கிறேன். ஆனால் இங்கே கட்டுவது வேட்டைக்காக.

உடனே கோபப்படாதீர்கள். நான் சுடுவதில்லை. ஹோட்டலில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வில் வேட்டைக்காரர், அவருக்குத் துணையாக மலை ஏறுகிறேன், அவ்வளவுதான். வேட்டைத் தடுப்புக் காவலரின் அண்ணன் மகன் போகிற இடமா அது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இங்கே உரிமம் எடுத்து, குறித்த நாட்களில், விதிப்படி வேட்டையாடலாம். வில்லுக்குச் செப்டம்பர் மாதம், துப்பாக்கிக்கு அக்டோபர், நவம்பர். துப்பாக்கிக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிற உடுப்பு போட வேண்டும். அடித்த மிருகத்தின் இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவிட்டு வந்தால் குற்றம். துப்பாக்கி, தோட்டா, வில் விற்பனையில் வசூலாகும் வரியில் ஒரு பங்கு, 1937-ல் வந்த சட்டப்படி, காட்டு விலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. எனக்கும் முதலில் இது ஜீரணமாகவில்லை. இப்போது பாதி ஜீரணமாகியிருக்கிறது.

அவர் தேடுவது எல்க். கடமானை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிது. நல்ல கிடா முந்நூறு கிலோவைத் தாண்டும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாநிலத்தில் இது ஏறக்குறைய தீர்ந்தே போயிருந்ததாம். எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கத்திலிருந்து பிடித்து வந்து விட்டிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எங்கள் ஊரை ஒட்டிய வொயிட் ரிவர் தேசிய வனம் மட்டும் சுமார் 23 லட்சம் ஏக்கர். அது அரசு நிலம், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதனால்தான் தேடுவதே பெரும்பாடு.

ஜூலையில் கேமரா கட்டப் போனோம். பத்தாயிரம் அடி உயரம், பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினேன். மத்தியானம் ஆனால் இடி மின்னல், அதற்குள் இறங்கிவிட வேண்டும். ஊசியிலை மரங்கள் அடர்ந்த வடக்குச் சரிவில், ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுக்குழி. கறுப்புச் சேறு, கிடா மூத்திர வாடை மூக்கைத் துளைத்தது. ஓரத்தில் என் உள்ளங்கையளவு குளம்புத் தடம். பக்கத்து மரத்தில் என் தோள் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது, பட்டையில் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கடமானும் இப்படிப் புரளும் என்று நீங்கள் காட்டியிருக்கிறீர்களே, அதனால் அவர் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு மரியாதை!

நீங்கள் புலியின் இரண்டு பக்க வரியும் பதிய எதிரெதிரே ஜோடியாக, முழங்கால் உயரத்தில் கட்டுவீர்கள். இங்கே ஒன்றே போதும், கொம்பை வைத்து அடையாளம் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் ஆள் உயரத்துக்கும் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுவார்கள். மிருகத்தின் கண்ணிலும் திருடன் கண்ணிலும் படாது. லென்ஸ் வடக்கே பார்க்க வேண்டும், இல்லையென்றால் காலை வெயிலில் படம் வெளுத்துவிடும். முன்னால் நிற்கும் புல்லை அறுக்காவிட்டால் காற்றுக்கு அது ஆட ஆட, மெமரி கார்டு முழுக்கப் புல் படம்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா!

போன வாரம் கார்டை எடுத்தோம். ஒரு கரடியின் மூக்கு, அப்புறம் அதன் பல், அப்புறம் வெறும் வானம். அது கடித்துத் திருப்பிவிட்ட கேமரா. இன்னொன்றில் பெட்டைகளும் குட்டிகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு நாள் அதிகாலை நான்கு கிடாக்கள். வளரும் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் போன்ற தோல் இன்னும் உரியவில்லை. அதில் ஒன்றுக்குப் பக்கத்துக்கு ஆறு கிளை. நான் துள்ளிக் குதித்தேன். அவர் அசையவில்லை.

ஏனென்று அப்புறம் சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் தோல் உரிந்துவிடும். அதுவரை ஒன்றாக மேயும் கிடாக்கள் அதன்பின் ஒன்றையொன்று பொறுக்காமல் பிரிந்து, பெட்டைகளைத் தேடி மைல் கணக்கில் போய்விடும். ஆகஸ்ட் படத்தை நம்பிச் செப்டம்பரில் அதே மரத்தடியில் உட்கார்ந்திருப்பவனைவிட ஏமாளி இல்லை என்கிறார். பின்னே எதற்குக் கேமரா என்றேன். தண்ணீருக்கு எந்தத் தடத்தில் வருகின்றன, எத்தனை மணிக்கு, மனித நடமாட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, இவைதான் வேண்டுமாம். அதனால் அடிக்கடி போய்க் கார்டு எடுக்கவும் விடமாட்டார். நம் வாடை பட்டாலே அவை சரிவு மாறிவிடும். மலைக்காற்று காலையில் வெயில் ஏற ஏற மேலே போகும், சாயங்காலம் இறங்கும் என்று பார்த்துத்தான் நடையே.

படத்தை அப்போதே போனுக்கு அனுப்பும் கேமராவும் உண்டு. ஆனால் அதைப் பார்த்து அன்றைக்கோ மறுநாளோ வேட்டையாடுவது இந்த மாநிலத்தில் குற்றம். அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்குக் கேமராவே கூடாது. அங்கே தண்ணீர் குறைவு. ஒரே குட்டையைச் சுற்றிப் பலர் கேமரா கட்டி, கார்டு எடுக்க ஆள் மாற்றி ஆள் போனால் மிருகம் எப்படித் தண்ணீர் குடிக்கும்? யூட்டாவில் பொது நிலத்தில் ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை தடை. நண்பருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அரிசோனாக்காரன் செய்தது சரி என்றே படுகிறது. உங்கள் கட்சிதான் நான்.

ஒரு உதவி வேண்டும். யானை இழுக்காமல் இருக்க உங்கள் ரேஞ்சில் கேமராவுக்கு இரும்புக்கூடு போடுவீர்களே, அதை முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். தகடு எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே ஒரு வெல்டர் செய்து தருகிறேன் என்றிருக்கிறார், சீசன் தொடங்கும் முன் மாட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்